பிழைத்தவர் பல்லில் இருக்கும் கோடு

தம்பி, மெட்ராசில் நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளுக்குள்தான் இரண்டு பேரும் ஆடிப்போய் இருக்கிறோம். போன வியாழக்கிழமை பார்த்த ஒன்று இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சோறு எடுத்து வாயில் வைத்தால் பல் படுகிறது, உடனே அது ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல தபாலாபீஸ் வாசலில் இருக்கிறவர் எழுதுகிறார். இதை அவசரமாகப் படித்து மடித்து வைத்துவிடாதே. விஜயாவைப் பற்றியது. அவளை வேண்டாம் என்று சொல்லி நீ போட்ட கடிதத்துக்குப் பதில் இது. உனக்கு மட்டும் இல்லை, உன் அத்தைக்கும், நம் தெருவில் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் இதை இவரையே படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.

அடி அண்ணாமலைக்குப் பெண் பார்க்கப் போன அன்று நம் ஜட்காவிலேயே எல்லோரும் போனோம். விஜயா தட்டை வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள். உன் அத்தை சும்மா இருக்கிறவளா? “பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசட்டுமே. ஊமப் பொண்ண எங்க தலையில கட்டிடப் போறீங்க” என்றாள். அந்த வீட்டில் எல்லோருமே சிரித்தார்கள். விஜயாவும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தோம். மேல்வரிசை முன்பற்களில், எல்லாப் பல்லிலும் ஒரே மட்டத்தில், நூலைக் கட்டி இழுத்தாற்போல ஒரு பள்ளக் கோடு. அதில் பழுப்பு ஏறிக் கிடந்தது. சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த முந்தானை போன வேகத்தைப் பார்த்திருந்தால், அந்தக் கை எத்தனையோ வருஷமாக அப்படிப் போய்ப் பழகின கை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் கோட்டைத்தான்.

திரும்பி வரும்போது அத்தை ஆரம்பித்தாள். “பொண்ணு லட்சணமாத்தான் கீறா. அந்தப் பல்லு இன்னாடா அப்பிடி?” என்றாள். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: “நான் குதிரைக்காரன். வாயப் பாக்காம எதையும் வாங்குனது இல்ல. இதுவே குதிரையா இருந்தா சந்தையிலயே உட்டுட்டு வந்திருப்பேன்.” வண்டி குலுங்கச் சிரித்தோம். நீயும் சிரித்தாய். உன் அம்மா மட்டும், “வாயக் கழுவுங்க, அதும் ஒரு பொண்ணு” என்றாள். குதிரை வாங்கும்போது உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்து வயசு சொல்லுவோம், ஏமாற்று இருந்தால் கண்டுபிடிப்போம். அந்தக் கண்ணோடு ஒரு வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன், தம்பி. வேறு ஒருவன் மாமனாராக வர இருந்தால், அந்தப் பல்லைக் கவனித்திருப்பானா என்பதே சந்தேகம்.

நீ மெட்ராசுக்குப் போனாய். பரம்பரை வியாதி, நாளைக்கு என் பிள்ளைகளுக்கும் வரும், நைனா, நீங்களே குதிரையாக இருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன் என்றீர்களே என்று கடிதம் போட்டாய். நானும் வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். அதோடு போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. நான் சொன்ன அந்தக் குதிரைப் பேச்சை உன் அத்தை குழாயடியில் சொன்னாள். நானே ஜட்கா ஸ்டாண்டில் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. போளூர்ப் பக்கத்தில் இருந்து அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், அடி அண்ணாமலைக்கு வண்டி கேட்டு நம் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எவனோ அந்தப் பேச்சை எடுத்து விட்டிருக்கிறான். டீ டம்ளரை வைத்துவிட்டு அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டார்கள். விஜயாவின் அப்பா தேடிக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். சண்டை போடவில்லை. “அண்ணா, வேணான்னா வேணானு போயிருக்கலாம். ஊரெல்லாம் ஏன் சொன்னீங்க? இனிமே எவன் வருவான்?” என்றார். “தமாசுக்குச் சொன்னதுப்பா” என்றேன். அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். மெட்ராசில் இருந்து பல் டாக்டரம்மா ஒருத்தி வந்து, மலையைச் சுற்றிப் போக வேண்டும் என்று என் வண்டியைப் பேசியிருந்தாள். பக்திக்காரி என்று நினைத்தேன். வழியில் குரங்கு எங்கே உட்கார்ந்திருந்தாலும் நிறுத்தச் சொன்னாள். ஒரு பையில் மல்லாட்டை, மெட்ராசில் வேர்க்கடலை என்கிறீர்களே அது, வைத்திருந்தாள். ஒன்றைத் தூக்கிப் போடுவாள், குரங்கு வாயைத் திறந்து கடிக்கும்போது உற்றுப் பார்ப்பாள். “இன்னாம்மா, கொரங்குக்குப் பல்லு புடுங்க வந்தீங்களா?” என்று கேட்டேன். “புடுங்கறதுக்கு ஊருல மனுசங்க நிறைய இருக்காங்க ஐயா. இதுங்க பல்லுல இருக்கிற குறையப் பாக்கத்தான் வந்தேன்” என்று சிரித்தாள். நல்ல பெண். எனக்கும் மல்லாட்டை கொடுத்தாள். பேச்சுக்கொடுத்துக்கொண்டே போனோம்.

மலைச் சரிவில் ஓர் இடத்தில் இறங்கிப் போனவள் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். வண்டியில் ஏறி மடியில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே குரங்கு மண்டை ஓடு, தம்பி. கரண்டுக் கம்பியில் அடிபட்டோ லாரியில் மாட்டியோ ஒரு குரங்கு செத்தால் நம் ஊரில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோய்ப் புதைப்போம். இதே வண்டியில் எத்தனை தடவை கூலி வாங்காமல் ஏற்றிப்போயிருக்கிறேன். அதே வண்டியில் இவள் அனுமார் தலையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குதிரையை நிறுத்திவிட்டேன். “எறங்கும்மா. உன் காசு வேணாம்” என்றேன். அவள் இறங்கவில்லை. “பொதைச்சதத் தோண்டல ஐயா. பாறை இடுக்குல வெயில்ல காஞ்சு கிடந்தது. காட்டு ஆபீசுல கேட்டுட்டுதான் எடுக்கறேன். கும்பிட்டுட்டுதான் கை வச்சேன்” என்றாள். பிறகு, “வந்து பாருங்க. பாத்துட்டு இறக்கி விடறதுன்னா விடுங்க” என்று அந்தத் தாடையை என் பக்கம் திருப்பினாள்.

நான் பார்த்தேன். குரங்கின் முன்பற்களில், எல்லாப் பல்லிலும் ஒரே மட்டத்தில், நூலைக் கட்டி இழுத்தாற்போல ஒரு பள்ளக் கோடு. விஜயாவின் வாய்தான் அது. கையில் இருந்த சாட்டை கீழே விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவள்தான் இறங்கி எடுத்துக் கொடுத்தாள். “இது கொரங்குக்கு எப்பிடிம்மா வந்துது? இது பரம்பரைச் சீக்கு இல்லையா?” என்று கேட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். பல் ஈறுக்கு வெளியே வந்த பிறகு வளர்வதில்லையாம். சின்ன வயசிலேயே தாடை எலும்புக்குள் நுனியில் தொடங்கி வேர்ப் பக்கமாக, நாம் மண் சுவர் எழுப்புகிற மாதிரி படை படையாக ஏறுமாம். மேலே பளபளவென்று இருக்கிறதே அந்தப் பூச்சு, எனாமல் என்கிறார்கள், அது அப்போது பூசினதுதான். அந்தச் சமயத்தில் பிள்ளைக்குப் பெரிய காய்ச்சல் வந்தாலோ, வயிற்றால் போய் வற்றிப்போனாலோ, பட்டினி கிடந்தாலோ, உடம்பு சுவர் வேலையை விட்டுவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்ளப் போய்விடும். அந்தப் படை மெல்லிசாகிவிடும். உடம்பு தேறினதும் மறுபடியும் நன்றாகப் பூச ஆரம்பிக்கும். தோலில் காயம் பட்டால் ஆறி மூடிவிடும். பல்லில் ஆறாது. பள்ளம் பள்ளமாகவே முளைத்து வரும். “கொரங்குக்கு மட்டும் இல்ல ஐயா. வெளிநாட்டுக் காடுங்கள்ல மனுசன் மாதிரியே பெரிய கொரங்குங்க இருக்குதே, அதுங்களுக்கும் இருக்கு. நமக்கும் இருக்கு. பால் மறக்கற வயசு எல்லாருக்குமே கஷ்டமான வயசு” என்றாள். பரம்பரையாக வருவதும் ஒன்று உண்டாம். அது நுனியில் இருந்து வேர் வரைக்கும் எல்லாப் பல்லையும் கெடுக்குமாம். கெட்ட தண்ணீரால் வருவதும் உண்டு, அது திட்டுத் திட்டாக இருக்குமாம். “ஒரே மட்டத்துல கோடு போட்டாப்பல இருந்தா, ஒரு காலத்துல வந்து போன சீக்குதான். பொறக்கற பிள்ளைக்கு அது போகாது” என்றாள். நான் விஜயாவின் பல்லைச் சொல்லி, கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று என் பல்லிலேயே நகத்தை வைத்துக் காட்டினேன். “நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா அந்த இடம்னா, மூணு வயசுவாக்குல ஏதோ பெருசா வந்து பொழைச்சிருக்கணும்” என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். மூட்டையில் இன்னொரு தாடை இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டித் தாடை. ஒரு பக்கம் எலும்பு உடைந்து திறந்திருந்தது. பால்பல்லுக்குக் கீழே, எலும்புக்குள், முளைக்கவேண்டிய பெரிய பல் பாதியில் நின்றிருந்தது. நுனி மட்டும் இருந்தது, கிளிஞ்சல் மாதிரி. “இதுல கோடு எங்கம்மா?” என்றேன். “இதுல கோடு இருக்காது ஐயா. சீக்கு வந்துது, குட்டி தாங்கல. படை அங்கேயே நின்னு போச்சு. மறுபடியும் பூச ஆரம்பிச்சாத்தானே நடுவுல கோடு தெரியும்? பொழைச்சதுக்குத்தான் கோடு” என்றாள்.

உன் தங்கை பச்சையம்மாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுபத்தொன்றாம் வருஷம் வெயில் காலத்தில் அவள் போனபோது அவளுக்கு மூன்று வயசு, உனக்கு எட்டு. வீட்டில் அம்மை வந்திருந்தது. முதலில் உனக்குத்தான் வந்தது, உன்னிடம் இருந்து அவளுக்கு. நீ எழுந்துவிட்டாய். அவளுக்கு அம்மை இறங்கின பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது. அம்மை வந்த வீட்டில் ஆஸ்பத்திரி மருந்து கூடாது என்று வேப்பிலையும் இளநீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். சாயங்காலம் குதிரையை அவிழ்த்துவிட்டு வந்து பார்த்தேன். உன் அம்மா மடியில் போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டே இருந்தாள். விசிறி நிற்கவில்லை, பிள்ளை நின்றுவிட்டிருந்தது. உனக்குப் பால்பல் விழுந்தபோதெல்லாம் சாணியில் உருட்டிக் கூரையில் எறிவோம், அவள் எட்டிக் குதித்து “எனக்கு, எனக்கு” என்பாள். கூரையில் போட அவளுக்கு ஒரு பல்லும் விழவில்லை. அந்தப் பால்பற்களுக்கு உள்ளே பெரிய பல் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு இத்தனை வயசுக்குப் பிறகுதான் தெரிகிறது. அது பாதியில், கிளிஞ்சல் மாதிரி, நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். குரங்குத் தலை என்றதும், “அய்யய்யோ, தலைக்கு ஊத்தினு உள்ள வாங்க” என்றாள். முழுவதும் கேட்ட பிறகு கை நின்றுவிட்டது. “அப்ப நம்ம பச்ச பொழைச்சிருந்தா, அதுக்கும் அந்தக் கோடு இருந்திருக்குமா?” என்று கேட்டாள். “இருந்திருக்கும்” என்றேன். “அந்தப் பொண்ணுக்கும் அதே வயசுலதானே வந்துது?” என்றாள். “டாக்டரம்மா அப்பிடித்தான் சொன்னாங்க” என்றேன். “உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தி நம்ம பொண்ண சிரிக்க வச்சுப் பாத்திருப்பா. உங்கள மாதிரி ஒருத்தர் குதிரைன்னு சொல்லியிருப்பாரு” என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று அடுப்பு எரியவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைப் பூட்டாமல் நடந்தே அடி அண்ணாமலைக்குப் போனேன். விஜயாவின் அப்பா என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போகத் திரும்பினார். வாசலில் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள், அவளும் அவள் அம்மாவும். நான் நின்றுகொண்டே, “இந்தப் பொண்ணுக்கு மூணு வயசுல ஏதாச்சும் பெருசா வந்துதா?” என்று கேட்டேன். “உங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள் அவள் அம்மா. தட்டம்மை, பிறகு வயிற்றால் போனது. அதே வருஷம், அதே வெயில் காலம். முடியெல்லாம் கொட்டி, நடந்த பிள்ளை மறுபடியும் தவழ்ந்ததாம். காட்டில் குழி வெட்டச் சொல்லி ஆள்கூட அனுப்பிவிட்டார்களாம். குழி வெட்டினவன் கூலி கேட்டு வந்தபோது பிள்ளை கஞ்சி குடித்துக்கொண்டிருந்ததாம். அதை யாரிடமும் சொன்னதில்லை, பெண்ணுக்குச் சாவு வாடை என்பார்கள் என்று. பல் முளைத்து வந்தபோது அழுக்கு என்று நினைத்து, தினமும் செங்கல் தூள் வைத்துத் தேய்த்துவிட்டிருக்கிறாள் அந்தத் தாய். “ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ப்பேன், கத்தும்” என்று சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பெண் இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். குரங்கைச் சொன்னேன், பச்சையைச் சொன்னேன், வண்டியில் பேசினதையும் என் வாயாலேயே அவர்கள் எதிரில் சொன்னேன். விஜயா தலையை நிமிர்த்தி முதல் முதலாக என்னைப் பார்த்தாள். “மாமா, நெஜமாவே எனக்குப் பொறக்கற பிள்ளைக்கு வராதா?” என்றாள். “வராதுன்னாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் இங்கதான் லாட்ஜுல கீறாங்க. ஒரு தடவ நேர்ல காட்டிடு” என்றேன். நேற்று அவள் அம்மாவோடு என் வண்டியில் வந்து காட்டினாள். டாக்டரம்மா அவள் பல்லைப் பார்த்து அதையேதான் சொன்னாள். செங்கல் தூளை மட்டும் இன்றோடு விடச் சொன்னாள்.

தம்பி, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. ஒரு ஆளிடம் ஒரு குறையைக் கண்டால், எங்கே அடிபட்டது என்று கேள். எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்க்காதே. குதிரைச் சந்தையில் அப்படிப் பார்க்கலாம், வீட்டில் பார்க்காதே. உனக்கு அம்மை போட்ட தழும்பு நெற்றியில் இருக்கிறது, அதைப் பார்த்து எவளும் உன்னைத் தள்ளவில்லை. ஆம்பளை முகத்தில் இருந்தால் அது வடு, பெண் வாயில் இருந்தால் வியாதி என்று நாம்தான் வைத்துக்கொண்டோம். இதைச் சொல்ல எனக்கே ஒரு குரங்கின் மண்டை வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு நீ மனசு மாறி, சரி, நான் கட்டிக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகக் கடிதம் போடுவாய் என்று எனக்குத் தெரியும். போடாதே. லாட்ஜில் இருந்து திரும்பி வரும்போது நானும் அப்படித்தான் அவளிடம் சொன்னேன்: “எம் புள்ளகிட்ட எடுத்துச் சொல்றேம்மா. அவன் ஒத்துக்குவான்.” விஜயா வண்டியின் பின்பக்கத்தில் இருந்து மெதுவாகத்தான் பேசினாள். “அவரு ஒத்துக்கறது இருக்கட்டும் மாமா. அன்னிக்கு நீங்க எல்லாரும் என்னப் பாத்தீங்க. நான் தலையக் குனிஞ்சினு தரையத்தான் பாத்தேன். அவரு மூஞ்சியே எனக்குத் தெரியாது. வரச் சொல்லுங்க. நான் பாக்கணும். பாத்துட்டு எனக்குப் புடிச்சுதா இல்லையான்னு சொல்றேன்” என்றாள். அவள் அம்மா, “ஏய், சும்மா இரு” என்று தொடையைக் கிள்ளினாள். அவள் சும்மா இருக்கவில்லை. “அவங்க அத்தையும் வரட்டும்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. நீ வருவதாக இருந்தால் அவளுக்கு நான் சொல்லி வைக்கிறேன். அவள் எதிரில் உட்கார், அவள் பார்க்கிற வரைக்கும் தலையைக் குனியாதே, கேட்டதற்குப் பதில் சொல். பிடித்திருக்கிறது என்றால் உன் அம்மா அங்கேயே தாம்பூலம் மாற்றுவாள். வேண்டாம் என்றால், அந்த வார்த்தையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மெட்ராஸ் பஸ் ஏறு.

உன் அப்பன்